வெண்ணெய் தடவாத ஊரில் ஓ.டி.

2018இல் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், என் சென்டருக்குப் பெயர்ப்பலகை மாட்டினேன். ஸ்டிக்கர் கடைக்காரர், "ஆக்குபேஷனல் தெரபின்னு மட்டும் போட்டா நம்ம ஏரியால யாருக்கும் புரியாதும்மா, தமிழ்லயும் போடு" என்றார். சரியென்று கீழே 'தொழில்வழிச் சிகிச்சை மையம்' என்று சேர்த்தோம். முதல் வாரத்தில் நான்கு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் ஆட்டோ வாங்க லோன் கிடைக்குமா என்று கேட்டார். ஒரு அக்கா, பிளஸ் டூ முடித்த மகனுக்கு ஏதாவது வேலை போட்டுத் தர முடியுமா என்றார். மூன்றாமவர் எண்ணூர் லேலண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓ.டி. என்று நான் சுருக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டார். "நான் பாக்காத ஓ.டி.யாம்மா? ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்தயும் ஓ.டி. பாத்துதான் முடிச்சேன்." நான்காவதாக வந்தவர் என் அத்தா, அதாவது அப்பா. கையில் டீ ஃபிளாஸ்க்.

என்னை யாராவது 'சிறுபான்மைத் தொழில்முனைவோர்' என்று மேடையில் அறிமுகப்படுத்தினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மதம் இல்லை, அந்தப் பலகைதான். மருத்துவத் துறைக்குள்ளேயே நாங்கள் சிறுபான்மை. பக்கவாதம் வந்தவரின் தோளை அசைத்து, தசைக்குப் பலம் கொடுத்து, நடக்க வைப்பது ஃபிசியோவின் வேலை என்று தோராயமாகச் சொல்லலாம். (ஃபிசியோ நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.) அந்த மனிதர் அதே கையால் சட்டைக்குப் பட்டன் போடுகிறாரா, சோறு பிசைகிறாரா, கக்கூசில் அடுத்தவர் உதவி இல்லாமல் கழுவிக்கொள்கிறாரா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஆக்குபேஷன் என்றால் சம்பளம் வரும் தொழில் மட்டும் இல்லை. ஒரு ஆளுடைய ஒரு நாள் எதிலெல்லாம் கழிகிறதோ அத்தனையும் அதில் சேரும். குழந்தைக்கு விளையாட்டு, ஆயாவுக்கு வெற்றிலை இடிப்பது.

இந்தியாவில் இந்தப் படிப்பை 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் ஒரு க்வேக்கர் குடும்பத்தில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். 1952இல் அகில இந்திய சங்கம் உருவானது. அதே வருடம் உலகக் கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் பத்து நிறுவன நாடுகளில் நாமும் ஒன்று. அவ்வளவு பழைய தொழில்தான். ஆனால் எங்களைத் தனி வகையாகக் குறிப்பிட்டு நாடு முழுவதுக்கும் ஒரு சட்டம் வருவதற்கு 2021 ஆகிவிட்டது. நாலரை வருடம் படித்துவிட்டு வந்த எனக்கு, பக்கத்து மெடிக்கல் ஷாப் தம்பி இன்றைக்கும் வைத்திருக்கும் பெயர் 'ஃபிசியோ அக்கா'.

இன்னொரு சிறுபான்மை என் தலையில் முக்காடாகத் தெரிவது. அத்தாவின் ஊர் ராமநாதபுரம் பக்கம். சின்ன வயதில் மண்ணடிக்கு வந்தவர், செம்புதாஸ் தெருவில் ஒரு இரும்புக் கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதினார். மூன்றாவது, வட சென்னை. என் கூடப் படித்தவர்கள் அண்ணா நகரிலும் வேளச்சேரியிலும் ஓ.எம்.ஆரிலும் குழந்தைகளுக்கான சென்டர் திறந்தார்கள். நான் வண்ணாரப்பேட்டை என்றபோது ஒருத்தி, "அங்க யாருடி காசு குடுத்து ஓ.டி.க்கு வருவா?" என்றாள். கெட்ட எண்ணம் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டாள். அவள் ஒரு செஷனுக்கு வாங்கும் பணத்தில் என்னிடம் மூன்று செஷன் பார்த்துவிடலாம்.

இந்த மூன்றில் எது அதிகம் இடித்தது என்று கேட்டால் நான் சொல்வது நான்காவதாக ஒன்று: படிக்கட்டு.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படி ஏற முடியாது. அதனால் தரைத்தளம்தான் வேண்டும். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் படிக்கட்டு என்பது சுவரில் சாத்திய ஏணிக்குச் சற்று மேம்பட்ட சமாச்சாரம். தரைத்தளத்தைக் கடைக்கு விட்டால் ஓனருக்கு வாடகை அதிகம், எனவே நமக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் மழைக்கு முதலில் நிரம்புவது அதுதான். போனில் "வாங்க, பாருங்க" என்று சொன்ன ஒரு ஓனர், பெயரைக் கேட்டதும், "எங்க பையன் யூஸ் பண்ணிக்கறேங்கறான்" என்றார். அடுத்த வாரமும் அந்த வீட்டில் டூ-லெட் போர்டு தொங்கியது. இன்னொருவர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க ஆளுங்களுக்குக் குடுக்கறதில்லம்மா, தப்பா நெனச்சுக்காத" என்று நேரே சொன்னார். எனக்கு இரண்டாமவர் பரவாயில்லை என்று தோன்றியது. ஆட்டோ காசு மிச்சம். அன்றிலிருந்து போனில் முதல் வார்த்தையே என் முழுப் பெயர்தான்.

கடைசியில் வீடு கொடுத்தது ஒரு நாடார் பாட்டி. அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று: "ரத்தம் கித்தம் வருமா?" வராது என்றேன். பத்து மாத அட்வான்ஸ், ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

பணத்துக்கு வருவோம். சிறுபான்மையினருக்கென்று அரசு நடத்தும் டாம்கோ என்ற கழகம் குறைந்த வட்டியில் கடன் தருகிறது. ஃபாரம் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தேன். அத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணக்குப்பிள்ளைக்கே உரிய நிதானத்தோடு முழுதும் படித்தார். "குறைஞ்ச வட்டின்னாலும் வட்டிதானேம்மா" என்று சொல்லி மடித்துத் திருப்பித் தந்தார். எங்கள் வீட்டில் வட்டி ஹராம் என்பது பேச்சுக்குச் சொல்வது இல்லை. முப்பது வருடம் அடுத்தவருடைய வட்டிக் கணக்கைப் பார்த்தவர், தன் வீட்டுக்குள் அதை விட்டதில்லை.

நமக்காகவே ஒரு கடன் திட்டம் இருக்கிறது, நம் வீட்டுக்குள்ளேயே அதற்கு இடம் இல்லை. இந்தச் சிக்கலை விளக்கினால் வங்கிக்காரருக்கும் புரியாது, என் தோழிகளுக்கும் புரியாது. அம்மாவின் சங்கிலி ஒன்று போயிற்று. மீதிக்கு, மண்ணடியில் மொத்த வியாபாரம் செய்யும் சாச்சா மகன் இரண்டு லட்சம் போட்டார். வட்டி கிடையாது, லாபத்தில் நாலில் ஒரு பங்கு. பேப்பரில் எழுதிக் கையெழுத்தும் போட்டோம். முதல் பதினான்கு மாதம் லாபமே இல்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, "என் பங்கு எவ்ளோ?" என்பார். "பூஜ்யத்துல கால் பங்கு அண்ணா" என்பேன். அவர் சிரிப்பார். அவர் வீட்டு அண்ணி சிரிக்கமாட்டார்.

இப்போது வெண்ணெய்க்கு வருகிறேன்.

பார்தெல் அட்டவணை என்று ஒன்று உண்டு. 1965இல் வெளியானது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கக்கூஸ் போவது, படி ஏறுவது என்று பத்து விஷயம், மொத்தம் நூறு மதிப்பெண். பக்கவாத நோயாளி எந்த அளவுக்குத் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்று அளக்க உலகம் முழுக்கப் பரவலாக எடுப்பது இதைத்தான். இப்போது புழக்கத்தில் இருக்கும் படிவத்தில் 'சாப்பிடுதல்' பகுதியில் ஒரு வரி வரும்: உணவை வெட்டவும் வெண்ணெய் தடவவும் உதவி வேண்டுமானால் ஐந்து மதிப்பெண். படிப்பில் அதை மனப்பாடம் செய்து பாஸும் ஆனேன். சென்டர் தொடங்கிய இரண்டாம் மாதம், காசிமேட்டிலிருந்து ஐம்பது தாண்டிய ஒரு அம்மாவை இரண்டு மகள்கள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். வலப்பக்கம் விழுந்திருந்தது. நான் ஃபாரத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டேன்.

"வெண்ணயா?" என்றார் அந்த அம்மா. பேச்சு கொஞ்சம் குழறும், கிண்டல் குழறவில்லை. "அத்த இன்னாத்துக்கும்மா நான் தடவணும்?"

பேனாவை மூடிவிட்டேன். அப்புறம் அவரே சொன்னார். அவருக்கு நடை பெரிய கவலை இல்லை. இடக்கையால் சாப்பிட வேண்டியிருப்பதுதான் அவமானம். மருமகன் எதிரில் தட்டையே தொடமாட்டாராம். அதைவிடப் பெரிய கவலை தொழில். மார்க்கெட்டில் உட்கார்ந்து, வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுத்துக் காசு வாங்குகிறவர். "உக்காந்து மீனு வெட்டணும். அவ்ளோதான். வேற எதும் வேணாம்."

மீன் வெட்டுவதை எங்கள் பாஷையில் பிரித்துப் பார்க்க வேண்டும். தரையில் குத்துக்காலிட்டோ ஒரு காலை மடித்தோ உட்கார வேண்டும். அரிவாள்மனைக் கட்டையைக் கால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு கையாலும் வழுக்கும் மீனைப் பிடித்து அலகை நோக்கித் தள்ள வேண்டும். நடுவில் விலை பேசும் கூட்டத்துக்குப் பதிலும் சொல்ல வேண்டும். அந்தக் கைக்குத் தொடு உணர்ச்சி இல்லையென்றால் விரல் அறுபடுவதே தெரியாது. அதனால் முதலில் அதைத்தான் பார்த்தேன். கண்ணை மூடச் சொல்லி, வலக்கையில் ஒரு ரூபாய்க் காசையும் சட்டைப் பட்டனையும் மாற்றி மாற்றி வைத்தேன். முதல் மாதம் எல்லாமே அவருக்குக் காசுதான். மூன்றாம் மாதம் பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னார்.

இதற்கு நடுவில் எனக்கே உறைத்த ஒரு விஷயம் உண்டு. ஒற்றைக் கையால் சமைக்கிறவர்களுக்கு என்று வெளிநாட்டு கேட்டலாக்கில் பலகை விற்பார்கள், மேலே ஆணி நட்டிருக்கும். காயை அதில் குத்திவிட்டு ஒரே கையால் கத்தியைப் பிடித்து நறுக்கலாம். நம் அரிவாள்மனையில் கத்தியே நகராமல் நிற்கிறது, கை மட்டும் நகர்ந்தால் போதும். ஒரு கை வலுவில்லாதவருக்கு இதைவிட நல்ல கருவி எதற்கு? இடைஞ்சல் கத்தியில் இல்லை, தரையிலும் காலிலும்தான். ஆக, மனையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி போல்ட் போட்டுவிட்டால் கால் அழுத்த வேண்டியதில்லை, தரையில் உட்காரவும் வேண்டாம். இடக்கை தள்ளும், வலக்கை வாலைப் பிடித்தால் போதும்.

அந்தப் பெஞ்சைச் செய்து கொடுத்தவர் கொருக்குப்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன். அவரும் என் நோயாளிதான். முன்பு பிரஸ் மெஷினில் இரண்டு விரல் நுனி போனவர். வட சென்னையில் கை அடிபடுவது புதிதே இல்லை. பட்டறை, லேத், ஹார்பர், ஐஸ் உடைக்கும் மெஷின் என்று எங்கே பார்த்தாலும் கையைக் கேட்கிற வேலை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பேராசிரியர் வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவை சிகிச்சைத் துறை நாடறிந்த ஒன்றாக வளர்ந்தது சும்மா இல்லை. தைத்துக் கொடுத்த கை மறுபடி ஸ்பேனரைப் பிடிக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். தசைநாண் ஒட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும், விரல் மடங்கிப்போகாமல் தாங்கிப் பிடிக்க ஸ்பிளின்ட் போட வேண்டும். இறக்குமதியாகும் தெர்மோபிளாஸ்டிக் ஷீட் வெந்நீரில் போட்டால் அப்பளம் மாதிரி இளகும், கையின் வடிவத்துக்கு அழகாகப் படியும், விலையும் அழகாக இருக்கும். நான் செம்புதாஸ் தெருவிலிருந்து பிவிசி பைப் வாங்கி வந்து, பிளந்து, ஹீட் கன்னால் இளக்கி, உள்ளே ஃபோம் ஒட்டிச் செய்கிறேன். அத்தா வேலை பார்த்த கடைக்குப் பக்கத்துக் கடை. அவர் பெயரைச் சொன்னால் துண்டு பைப்பைக் காசில்லாமலே தருவார்கள். எனக்குக் கிடைத்த பரம்பரைச் சொத்து இதுதான்.

அந்த அண்ணன்தான் குழந்தைகளுக்கான ஊஞ்சல் ஃபிரேமும் அடித்துக் கொடுத்தார். ஆட்டிசம் இருக்கிற பிள்ளைகளுக்கு ஊஞ்சல் எங்கள் கையில் மருந்து மாதிரி, அளவு பார்த்துத்தான் கொடுப்போம். ஜீன் அயர்ஸ் என்ற ஓ.டி. வகுத்த புலன் ஒருங்கிணைப்பு முறையிலிருந்து வந்தது. கம்பெனி ஃபிரேம் என் ஆறு மாத வாடகைக்கு வந்தது. மெட்ராஸ் டெரஸ் கூரையின் பழைய தேக்கு உத்தரத்தில் கொக்கி மாட்டப் பாட்டியும் சம்மதிக்கவில்லை. (அவர் சொன்னதுதான் சரி. அந்த உத்தரத்துக்கு நூறு வயது இருக்கும்.) அண்ணன் ஜி.ஐ. பைப்பில் அடித்துக் கொடுத்து, தானே ஏறித் தொங்கிக் காட்டினார். பிள்ளைகளின் அம்மாக்கள் முதல் நாள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "ஊஞ்சல் ஆட்டறதுக்கா காசு?" அதற்கு நான் வைத்திருக்கும் பதில் நீளமானது, பாதிப் பேர் முழுதாகக் கேட்பதில்லை.

முக்காட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். முதல் பிரச்சினை குண்டூசி. மடியில் உட்காரும் பிள்ளை எட்டிப் பிடித்து இழுப்பது அதைத்தான். இரண்டே வாரத்தில் ஊசி இல்லாமல் மாட்டிக்கொள்ளும் ஸ்கார்ஃபுக்கு மாறினேன். இரண்டாவது, ஆண் நோயாளிகள். என் சொந்தத்திலேயே சிலர் முகம் சுளித்தார்கள். பிளைண்ட்ஸ் போடாத பெரிய ஜன்னல் பக்கம் மேஜையைப் போட்டு, நோயாளி வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று விதி வைத்தேன். அது எப்படியும் நல்லது, வீட்டில் போய்ச் செய்ய வைக்கப் போவது அவர்தானே. மறுபக்கம், ஆண் ஃபிசியோவிடம் போகத் தயங்கி வருடக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்த பெண்கள் எனக்கு வந்தார்கள். மண்ணடி வீடுகளிலிருந்து, பிறகு சௌகார்பேட்டை மார்வாடி வீடுகளிலிருந்தும். என் முக்காட்டைப் பார்த்து வராமல் போனவர்களும் இருப்பார்கள். அவர்களை எண்ண எனக்கு வழியில்லை.

ஒரு பெரியவர், மண்ணடிக்காரர், இடப்பக்கம் பலவீனம். உட்கார்ந்தே தொழலாம் என்று மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, அவருக்கும் அது தெரியும். ஆனால் ஒளுவை, அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவதை, இன்னொருவர் செய்துவிடுவதை அவரால் ஏற்க முடியவில்லை. குழாயடியில் ஸ்டூல், நீளக் கைப்பிடி வைத்த குவளை, இடக்கையைக் கழுவ வலக்கையால் தண்ணீரை ஊற்றும் கோணம், இதற்கே ஆறு வாரம் ஆயிற்று. எந்த அட்டவணையிலும் இதற்கு மதிப்பெண் இல்லை. வேறு இடத்தில் சென்டர் வைத்திருந்தால் அவர் இதைக் கேட்டே இருக்கமாட்டார், நானும் கேட்டிருக்கமாட்டேன்.

2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது பெரிய உபகாரம். லிஃப்ட் இருப்பதால் திருவொற்றியூரிலிருந்து ஒரு அம்மா பத்து வயதுப் பையனை வீல்சேரிலேயே அழைத்து வரத் தொடங்கினார். முன்பெல்லாம் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் என் ஃபீஸைவிட அதிகமாக இருந்ததால் மாதம் ஒருமுறைதான் வருவார். அதே மெட்ரோவைக் காட்டி வாடகையும் ஏறியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், உள்ளே இடுப்புக்குச் சற்றுக் கீழே. நான்காம் நாள் கதவைத் திறந்தபோது ஃபோம் மேட் எல்லாம் கேக் மாதிரி ஊறிக் கிடந்தது. பந்துகள் மட்டும் உற்சாகமாக மிதந்தன. ஃபைல்கள் போயின. ஊஞ்சல் ஃபிரேம் அசையவில்லை. வெல்டிங் அண்ணன் வந்து தட்டிப் பார்த்து, "ப்ரைமர் அடிச்சா போதும்" என்றார். அப்போது வாங்கினேன் கடன், வட்டியோடு. அத்தாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஆனால் மேட் வந்து இறங்கிய அன்று பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்துத் தந்தார். டாம்கோ ஃபாரத்தை மடித்த அதே மடிப்பு.

அடுத்த வருடம் ஒரு விழாவில் 'சாதித்த சிறுபான்மைப் பெண்கள்' என்று எங்கள் ஆறு பேரை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். நான் நோயாளிகளைப் பற்றிப் பேசத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். கேட்டது வேறு: வீட்டில் எதிர்த்தார்களா, எப்படி வெளியே வந்தீர்கள்? அத்தா முதல் வரிசையில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். வாடகைதான் எதிர்த்தது என்று சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. சால்வை நல்ல கனம். சுருட்டிக் கட்டினால், பக்கவாதக்காரரின் தோளுக்கடியில் வைக்கச் சரியான உயரம். இன்றும் அதற்குத்தான் பயன்படுகிறது.

காசிமேட்டு அம்மா பெஞ்சோடு மார்க்கெட்டுக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. பெரிய மீன் எடுப்பதில்லை. சங்கரா, மத்தி, இறால் உரிப்பது, அவ்வளவுதான். சாப்பாடு இன்னும் பாதி நாள் ஸ்பூனில்தான் என்று மகள் சொன்னாள், அதில் நான் முழுதாக ஜெயிக்கவில்லை. என் ஃபாரத்தில் வெண்ணெய் வரியை அடித்துவிட்டு 'மீனில் முள் எடுத்தல்' என்று எழுதி ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இது செல்லாது, ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் அனுப்பும்போது பழையபடி ஒரிஜினலில்தான் மதிப்பெண் போட்டு அனுப்புகிறேன்.

பாட்டி போன வருடம் இறந்துவிட்டார். பிள்ளைகள் வீட்டை இடிக்கப் போகிறார்கள். சாச்சா மகன் பங்கு இப்போது பூஜ்யம் இல்லை, ஆனால் புது அட்வான்ஸுக்கு அது காணாது. போன வாரம் டோல்கேட் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு இடம் பார்த்தேன். தெருவைவிட மூன்றடி உயரத்தில் தரைத்தளம், சாய்தளம் கட்ட முன்னால் இடம் இருக்கிறது. போனில் முழுப் பெயரைச் சொன்னேன். ஓனர் "வாங்க" என்றார். நேரில் விசிட்டிங் கார்டைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"ஓ.டி.ன்னு போட்டுருக்கே. ராத்திரியெல்லாம் ஆளுங்க வேல பாப்பாங்களாம்மா?"

"இல்லீங்க, ஏழு மணிக்குச் சாத்திடுவோம்" என்றேன். "ஃபிசியோ மாதிரிதாங்க."

"ஃபிசியோவா, அப்படிச் சொல்லும்மா" என்று சாவியை எடுத்தார். அட்வான்ஸ் இங்கேயும் பத்து மாதம்தான்.